வைரஸின் மரபணுவை வெட்டும் சிகிச்சை: எது உண்மை, எது இன்னும் ஆய்வில்?

கடலூர், விழுப்புரம் பக்கங்களிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்கு வருவோரிடமும் உடன் வரும் உறவினர்களிடமும் பேசினால், மரபணுத் திருத்தம் என்ற சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. கைப்பேசியில் வந்த ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, வைரஸால் வரும் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்தாயிற்று, இனித் தடுப்பூசி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பள்ளி மாணவிகளுக்கான கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் பற்றிப் பேசப் போனால், “ஊசி போட்டா பிள்ளையோட ஜீனே மாறிடுமாமே, டாக்டரம்மா?” என்று தாய்மார்கள் கவலையோடு கேட்கிறார்கள். தடுப்பூசி வேறு, மரபணுத் திருத்தம் வேறு. இரண்டும் ஒரே வைரஸைக் குறிவைப்பதால் பேச்சில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அறிவியல் பின்னணி இல்லாதவரும் இவற்றைப் பிரித்தறிய வேண்டும் என்பதற்காகவே இதை அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

உலக அளவில் 2018ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட புற்றுநோய்களில் ஏறத்தாழ 13 சதவீதம் தொற்றுகளால் வந்தவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவற்றுள் சில பாக்டீரியாவால் வருபவை. மற்றவற்றில் பெரும்பங்கு வைரஸ்களால் வருபவை. மனிதப் பாப்பிலோமா வைரஸ், அதாவது ஹெச்.பி.வி., கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குகிறது. ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகின்றன. இந்தக் கட்டுரை பெரும்பாலும் ஹெச்.பி.வி.யைப் பற்றியது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்ததாகவும், ஏறத்தாழ 80,000 பெண்கள் அதனால் இறந்ததாகவும் பன்னாட்டு மதிப்பீடு கூறுகிறது.

மாமரத்தில் புல்லுருவி

பண்ருட்டிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்குப் புல்லுருவியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பழத்தைத் தின்ற பறவை, பிசுபிசுப்பான விதையை மாமரக் கிளையில் விட்டுச் செல்கிறது. விதை முளைத்து, வேர் போன்ற உறுப்பைப் பட்டைக்குள் இறக்கி, மரத்தின் நீர்க்குழாய்களோடு இணைந்துகொள்கிறது. வெளியே தெரியும் இலைகளைக் கிள்ளிப் போட்டால் சில மாதங்களில் மறுபடி துளிர்க்கும், ஏனெனில் அதன் பிடி மரக்கட்டைக்குள் இருக்கிறது. அதனால் தோப்புக்காரர் பெரும்பாலும் கிளையையே வெட்டி எறிகிறார். நோய் போகிறது, ஆனால் நல்ல கிளையும் சேர்ந்து போகிறது.

ஹெச்.பி.வி. செய்வதும் ஏறத்தாழ இதுதான். நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை உள்ளது. செல் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைகள் நான்கு வகை வேதியெழுத்துகளால் அதில் எழுதப்பட்டிருக்கின்றன, மனித டி.என்.ஏ.யில் இத்தகைய எழுத்துகள் சுமார் 300 கோடி. ஒரு குறிப்பிட்ட புரதத்தைச் செய்வதற்கான கட்டளை அடங்கிய பகுதியை மரபணு என்கிறோம். ஹெச்.பி.வி.யிடமும் டி.என்.ஏ. உண்டு, ஆனால் சுமார் 8,000 எழுத்துகள் மட்டுமே கொண்ட ஒரு சிறு வளையம் அது. தனக்கென உயிர்ச்செயல் ஏதும் இல்லாத இந்த வளையம், கர்ப்பப்பை வாயின் மேல்தோல் செல்லுக்குள் நுழைந்து, அந்தச் செல்லின் கருவிகளைக் கொண்டே பெருகுகிறது.

தொற்று வந்த பெரும்பாலோரிடம், ஓரிரு ஆண்டுகளுக்குள் உடலின் எதிர்ப்பாற்றலே வைரஸை விரட்டிவிடும். ஹெச்.பி.வி. தொற்று என்ற மருத்துவ அறிக்கையைப் பார்த்ததும் புற்றுநோய் வந்துவிட்டதென்று பயந்துபோகும் குடும்பங்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். சிலரிடம் மட்டும், குறிப்பாக 16, 18 என்று எண்ணிடப்பட்ட வகைகள் தங்கிவிட்டவர்களிடம், ஆண்டுகள் பல கழித்து ஆபத்து உருவாகிறது. உலகில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இந்த இரண்டு வகைகளே காரணம். புற்றுக் கட்டிகளில் இவற்றை 1980களின் தொடக்கத்தில் கண்டறிந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்டு சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தங்கிவிட்ட வைரஸ் என்ன செய்கிறது? ஒவ்வொரு செல்லிலும் கட்டுப்பாடற்ற பெருக்கத்தைத் தடுக்கும் காவல் புரதங்கள் உண்டு. அவற்றில் முக்கியமான இரண்டு, பி53, ஆர்.பி. என்பவை. டி.என்.ஏ.யில் சேதம் ஏற்பட்டால் பி53 செல்லின் பிரிதலை நிறுத்துகிறது. சேதம் சரிசெய்ய முடியாததாக இருந்தால் அந்தச் செல்லைத் தானாகவே இறக்கச் செய்கிறது. ஆர்.பி., உரிய சமிக்ஞை வராமல் செல் பிரியத் தொடங்காதபடி பிடித்து வைக்கிறது. வைரஸின் ஈ6 என்ற மரபணு தயாரிக்கும் புரதம் பி53ஐச் செல்லின் கழிவு நீக்க அமைப்பிடம் பிடித்துக் கொடுத்து அழித்துவிடுகிறது. ஈ7 என்ற மரபணுவின் புரதம் ஆர்.பி.யைக் கட்டிப்போடுகிறது. காவல் இரண்டும் போனபின் செல் பிரிந்துகொண்டே இருக்கிறது. பிரியும்போது நேரும் பிழைகள் திருத்தப்படாமல் சேர்கின்றன.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. வைரஸின் வளையத்திலேயே ஈ6, ஈ7 இரண்டையும் அளவோடு வைத்திருக்கும் ஈ2 என்ற மரபணு இருக்கிறது. நாளடைவில் அந்த வளையம் அறுந்து மனித டி.என்.ஏ.க்குள் பதிந்துகொள்ளும்போது, பெரும்பாலும் அறுபடும் இடம் ஈ2தான். கட்டுப்படுத்துவது உடைந்துபோக, ஈ6, ஈ7 இரண்டும் மட்டுமீறி வேலை செய்கின்றன. தொற்றிலிருந்து புற்றுநோய்வரை பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. புல்லுருவி உவமை இந்த இடத்தில் முடிகிறது: அது மரத்தின் சாற்றை உறிஞ்சுகிறதே தவிர, கிளையைக் கட்டுக்கடங்காமல் வளரச் செய்வதில்லை.

இதுவரை பார்த்தது: வைரஸ் தன் டி.என்.ஏ.யை நம் செல்லுக்குள் கொண்டுவருகிறது. அதிலுள்ள ஈ6, ஈ7 என்னும் இரண்டு மரபணுக்கள் செல்லின் காவலைக் கலைக்கின்றன. அதனால் புற்றுநோய் உருவாக வழி ஏற்படுகிறது.

தடுப்பூசியின் எல்லை

ஹெச்.பி.வி. தடுப்பூசியில் வைரஸின் டி.என்.ஏ. துளியும் இல்லை. வைரஸின் மேலோட்டைப் போன்ற வெற்றுக் கூடு மட்டுமே அதில் உள்ளது. அதைப் பார்த்து உடல் எதிர்ப்புப் புரதங்களைத் தயார் செய்துகொள்கிறது. பின்னர் உண்மையான வைரஸ் வந்தால் செல்லுக்குள் நுழையுமுன்பே அவை பிடித்துவிடும். யாருடைய மரபணுவையும் அது தொடுவதில்லை. புணேயில் இயங்கும் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்த செர்வாவேக் என்ற இந்தியத் தடுப்பூசி 2023 ஜனவரியில் வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இத்தடுப்பூசியைப் படிப்படியாக அளிக்கும் திட்டம் 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது.

ஆனால் ஏற்கெனவே செல்லுக்குள் புகுந்துவிட்ட வைரஸை இந்தத் தடுப்பூசியால் வெளியேற்ற முடியாது. அங்கேதான் மரபணுத் திருத்தம் பற்றிய பேச்சு தொடங்குகிறது.

வெட்டும் கருவி எங்கிருந்து வந்தது

பாக்டீரியாக்களையும் வைரஸ்கள் தாக்குகின்றன. பல பாக்டீரியாக்கள், தம்மைத் தாக்கிய வைரஸின் டி.என்.ஏ.யிலிருந்து ஒரு துண்டைத் தம் டி.என்.ஏ.யில் சேமித்து வைத்துக்கொள்கின்றன. அதே வைரஸ் மறுபடி வந்தால், சேமித்த துண்டின் நகலைக் கொண்டு அதை அடையாளம் கண்டு வெட்டிவிடுகின்றன. கிரிஸ்பர் என்று அழைக்கப்படும் இந்தத் தற்காப்பு முறையை, நாம் விரும்பும் எந்த டி.என்.ஏ.யையும் வெட்டக்கூடிய கருவியாக மாற்றலாம் என்று 2012இல் எமானுவேல் ஷார்பான்டியே, ஜெனிஃபர் டௌட்னா ஆகிய இருவரும் காட்டினார்கள். 2020ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

அந்தக் கருவியில் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று காஸ்9 என்ற நொதி, டி.என்.ஏ.யின் இரு இழைகளையும் ஒருசேர வெட்டக்கூடியது, ஆனால் எங்கே வெட்டுவதென்று அதற்குத் தானாகத் தெரியாது. மற்றது வழிகாட்டி ஆர்.என்.ஏ., டி.என்.ஏ.யைப் போலவே எழுத்துகளாலான ஒரு சிறு இழை; இதன் முனையில் சுமார் 20 எழுத்துகள் கொண்ட ஒரு தொடர் இருக்கும். காஸ்9 டி.என்.ஏ.யைத் துழாவிச் செல்லும்போது, அந்த 20 எழுத்துகளோடு பொருந்தும் இடம் கிடைத்தால், அதன் அருகில் தேவையான ஒரு சிறு அடையாளத் தொடரும் இருந்தால், அங்கே வெட்டுகிறது. ஆய்வகத்தில் வழிகாட்டியின் 20 எழுத்துகளை மாற்றினால் போதும், வெட்டும் இடம் மாறிவிடும். இந்த எளிமைதான் அந்தக் கண்டுபிடிப்பை உலகெங்கும் கொண்டுசேர்த்தது.

வெட்டியபின் நடப்பதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கருவி மரபணுவை அழித்து எடுத்துச் செல்வதில்லை. வெட்டு மட்டுமே அதன் வேலை. அறுந்த முனைகளைச் செல்லே அவசரமாக ஒட்டுகிறது, ஒட்டும்போது ஓரிரு எழுத்துகள் விட்டுப்போகின்றன அல்லது கூடிவிடுகின்றன. செல், மரபணுவை மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கும். நடுவில் ஓர் எழுத்து குறைந்தாலே அதற்குப்பின் வரும் பிரிப்பு முழுவதும் குலைந்து, பயனற்ற புரதமோ பாதியில் நின்ற புரதமோதான் கிடைக்கும். அந்த மரபணு இருந்தும் இல்லாததாகிவிடுகிறது.

யாருடைய மரபணு?

இக்கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வதானால் அது இதுவாக இருக்கட்டும்: இந்தச் சிகிச்சை முயற்சியில் வெட்டப்படுவது நோயாளியின் மரபணு இல்லை, அவருடைய செல்லுக்குள் குடியேறிய வைரஸின் மரபணு. ஈ6, ஈ7 இரண்டும் மனித உடலுக்குச் சொந்தமானவை அல்ல, ஆரோக்கியமான செல்களில் அவை இருப்பதே இல்லை. எனவே அவற்றோடு மட்டும் பொருந்தும் வழிகாட்டியை அனுப்பினால், புற்றுச் செல்லில் வெட்டு விழும், நல்ல செல்லில் வெட்டுவதற்கு எதுவும் இருக்காது. கதிர்வீச்சும் வேதிச்சிகிச்சையும் நல்ல செல்களையும் சேர்த்தே தாக்குகின்றன என்பதால்தான் ஆய்வாளர்கள் இதில் இவ்வளவு நம்பிக்கை வைக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கடத்தப்படும் மரபுப் பண்புகளில் இது எதையும் மாற்றும் நோக்கம் கொண்டதன்று.

ஈ6, ஈ7 முடங்கினால் என்ன ஆகும்? கர்ப்பப்பை வாய்ப் புற்றுச் செல்களில் பெரும்பாலானவற்றில் பி53, ஆர்.பி. ஆகியவற்றின் மரபணுக்கள் கெடாமலே இருக்கின்றன. அவற்றின் புரதங்கள் மட்டுமே வைரஸால் முடக்கப்பட்டுள்ளன. தடை நீங்கியதும் அவை மீண்டும் சேர்ந்து, செல்லின் பிரிதலை நிறுத்துகின்றன அல்லது செல்லை இறக்கச் செய்கின்றன. 1951இல் அமெரிக்காவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து, அவர் அனுமதி பெறாமலே எடுக்கப்பட்ட ஹீலா செல்கள், இன்றும் உலக ஆய்வகங்களில் வளர்க்கப்படுகின்றன. அவற்றில் இருப்பது ஹெச்.பி.வி. 18. இத்தனை பதிற்றாண்டுகளாகப் பெருகிக்கொண்டே வந்திருக்கும் அந்தச் செல்களில்கூட, ஈ6, ஈ7 இரண்டையும் அடக்கினால் வளர்ச்சி நின்றுவிடுகிறது. புற்று எவ்வளவு முதிர்ந்தாலும் அந்த இரண்டு மரபணுக்களையே நம்பி நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சுருக்கமாக: காஸ்9 வெட்டுகிறது, வழிகாட்டி ஆர்.என்.ஏ. இடத்தைக் காட்டுகிறது, செல்லின் அவசர ஒட்டுவேலை வைரஸ் மரபணுவைக் கெடுக்கிறது, அதன்பின் செல்லின் சொந்தக் காவல் திரும்புகிறது.

இதுவரை காட்டப்பட்டவை

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு ஒன்று, கர்ப்பப்பை வாய்ப் புற்றுச் செல்களில் ஈ6 அல்லது ஈ7ஐக் கிரிஸ்பரால் வெட்டினால் அவை மடிகின்றன என்று 2014இல் காட்டியது. அது ஆய்வகத் தட்டில் வளர்ந்த செல்களில் நடந்தது. 2019இல் ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகக் குழு அடுத்த படியை எடுத்து வைத்தது. மனிதப் புற்றுச் செல்களால் எலிகளின் உடலில் வளர்க்கப்பட்ட கட்டிகளுக்கு எதிராக, கிரிஸ்பர் கருவியைக் கொழுப்பாலான மிக நுண்ணிய உறைகளில் வைத்து இரத்தத்தில் செலுத்தினார்கள். கட்டிகள் மறைந்தன, எலிகள் பிழைத்தன. சீனாவில், கர்ப்பப்பை வாயில் நேரடியாகப் பூசும் களிம்பு வடிவில் இத்தகைய கருவியைச் சோதிக்க 2017இல் மனித ஆய்வொன்று பதிவு செய்யப்பட்டது.

நான் பார்த்த காணொளிகள் பெரும்பாலும் அந்த எலி ஆய்வைத்தான் “புற்றுநோய் குணமானது” என்று சொல்கின்றன. அந்தத் தலைப்பு பொய்யென்று தள்ளிவிட முடியாது, ஆனால் யாருக்குக் குணமானது என்பதை அது விட்டுவிடுகிறது. தோன்றி ஒரு சில வாரங்களே ஆன எலியின் கட்டிக்கும், ஆண்டுக்கணக்கில் வளர்ந்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிய ஒரு பெண்ணின் புற்றுக்கும் இடையே இருக்கும் தூரம் மிகப் பெரியது.

மருந்தாவதற்கு இடையில் நிற்பவை

முதற்பெரும் தடை, கருவியைக் கொண்டுசேர்ப்பது. ஒரு கன சென்டிமீட்டர் அளவுக் கட்டியிலேயே கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன. கருவி எட்டாத செல்கள் மிஞ்சினால் அவற்றிலிருந்தே புற்று மறுபடி வளரும். கோவிட் தடுப்பூசிகள் சிலவற்றில் பயன்பட்ட நுண்கொழுப்பு உறைகளை இரத்தத்தில் செலுத்தினால் அவற்றில் பெரும்பகுதி கல்லீரலுக்கே போய்ச் சேர்கிறது. ஒப்பிட்டுப் பாருங்கள்: 2023இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற முதல் கிரிஸ்பர் சிகிச்சையான காஸ்ஜெவி, அரிவாள் செல் சோகை என்ற இரத்த நோய்க்கானது. அதில் நோயாளியின் இரத்த மூலச் செல்களை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் திருத்தி, சரிபார்த்து, திரும்பச் செலுத்துகிறார்கள். அனுமதி கிடைத்தபோது அமெரிக்காவில் அதற்கு அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். திடமான கட்டியை அப்படி வெளியே எடுத்துத் திருத்தித் திரும்ப வைக்க முடியாது. உடலுக்குள்ளேயே எல்லாம் நடக்க வேண்டும்.

இரண்டாவது, தவறான இடத்தில் வெட்டு விழும் ஆபத்து. 300 கோடி எழுத்துகளுக்கிடையில், வைரஸின் 20 எழுத்துத் தொடரோடு ஓரளவு ஒத்துப்போகும் இடங்கள் இருக்கலாம். அங்கே வெட்டு விழுந்து, அது ஒரு முக்கிய மரபணுவாக இருந்துவிட்டால், புற்றுநோயைப் போக்க வந்ததே இன்னொரு புற்றுக்கு வித்தாகலாம். வைரஸ் டி.என்.ஏ. மனித டி.என்.ஏ.க்குள் பல இடங்களில் பதிந்திருந்தால், சரியான இடங்களில் விழும் வெட்டுகள்கூடத் துண்டுகளை இடம் மாற்றி ஒட்ட வைக்கக்கூடும். மூன்றாவதாக, பெரிதும் பயன்படும் காஸ்9 நொதி, தொண்டைத் தொற்றை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்டது. அந்தப் பாக்டீரியாவை ஏற்கெனவே சந்தித்துள்ள நம்மில் பலரின் உடல், மருந்தாக வரும் நொதியையும் எதிரியாகக் கருதித் தாக்கலாம்.

எச்.ஐ.வி. வைரஸில் கிடைத்த அனுபவமும் கவனிக்கத்தக்கது. செல்களில் பதிந்திருக்கும் எச்.ஐ.வி. டி.என்.ஏ.யை வெட்டியெடுக்கும் கிரிஸ்பர் மருந்தொன்று மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு, அது பாதுகாப்பாக இருந்ததாக 2024இல் தெரிவிக்கப்பட்டது. ஆனால் வழக்கமான மாத்திரைகளை நிறுத்திப் பார்த்தவர்களிடம் வைரஸ் திரும்பிவிட்டது. பாதுகாப்பும் பயனும் தனித்தனியே நிரூபிக்கப்பட வேண்டியவை.

கல்லீரலில் கதை வேறு

ஹெபடைட்டிஸ் பி வைரஸ், கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் ஒரு டி.என்.ஏ. வளையமாகத் தங்கியிருக்கிறது. டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் அதன் பெருக்கத்தை அடக்குகின்றனவே தவிர, அந்த வளையத்தைத் தொடுவதில்லை. அதனால்தான் பலரும் அவற்றை ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டியிருக்கிறது. முன்பு சொன்ன நுண்கொழுப்பு உறைகள் கல்லீரலுக்கே போய்ச் சேர்வது இங்கே தடையாக இல்லாமல் வசதியாக அமைகிறது. அந்த வளையத்தை நேரடியாக வெட்டும் முயற்சிகளும், வெட்டாமல் அதன் எழுத்துகளை மூடி ஊமையாக்கும் முயற்சிகளும் மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனையை எட்டியிருக்கின்றன. வைரஸ்வழிப் புற்றுநோய்களைப் பொறுத்தவரை, மரபணுத் திருத்தம் முதலில் பயன்தரப்போவது கல்லீரலில்தான் என்பது என் கணிப்பு.

இன்று கையில் இருப்பது

மறுபடி கர்ப்பப்பை வாய்க்கு வருவோம். அங்கே வைரஸால் வரும் மாற்றத்தைப் புற்றாகுமுன்பே கண்டறிய ஆரம்பச் சுகாதார நிலையத்தில் செய்யும் பரிசோதனை இது. செவிலியர் சிறு கருவியால் விரித்துக் கர்ப்பப்பை வாயை விளக்கொளியில் பார்க்கிறார். 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில், அதாவது சமையலறை வினிகரின் செறிவுள்ள கரைசலில், நனைத்த பஞ்சை அங்கே ஒற்றி எடுக்கிறார். ஒரு நிமிடம் காத்திருக்கிறார். வைரஸால் மாறத் தொடங்கிய செல்களில் புரதமும் டி.என்.ஏ.யும் மிகுந்திருப்பதால், அமிலம் பட்டதும் அவை உறைந்து, இளஞ்சிவப்பு நிறத்தின் நடுவே ஒரு வெள்ளைத் திட்டு எழுகிறது. சில நிமிடங்களில் மறைந்துவிடும் அந்தத் திட்டைப் பார்க்க இயந்திரம் எதுவும் தேவையில்லை, பயிற்சி பெற்ற கண் போதும். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வில், இந்தப் பரிசோதனையை ஒருமுறை செய்து உரிய சிகிச்சை அளித்ததாலேயே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன என்று 2007இல் வெளியான முடிவுகள் தெரிவித்தன.

வெள்ளைத் திட்டு தெரிந்தவருக்குப் புற்றுநோய் என்று பொருளில்லை. புற்றுக்கு முந்திய மாற்றம் இருக்கக்கூடும் என்பதே பொருள். அது உறுதியானால், குளிர்வித்தோ, சுமார் 100 டிகிரி வெப்பம் ஏற்றிய முனையால் சில நொடிகள் தொட்டோ அந்தப் பகுதியை அகற்றிவிடலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். கருவியைக் கண்டு கூச்சப்பட்டும், வீட்டில் என்ன சொல்வார்களோ என்று தயங்கியும் இந்தப் பரிசோதனைக்கே வராமல் இருந்துவிட்டு, இரத்தப்போக்கு தொடங்கியபின் பேருந்தேறிக் கோரிமேட்டுக்கு வரும் பெண்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

தொடக்க நிலையில் இப்படி எளிய வழி இருக்கும்போது, ஆய்வகங்கள் மரபணுத் திருத்தத்துக்காக ஏன் இவ்வளவு உழைக்க வேண்டும் என்று கேட்கலாம். அகற்றிய பின்னும் மாற்றம் திரும்பத் திரும்ப வரும் பெண்கள் இருக்கிறார்கள், எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்களிடம் இது கூடுதலாக நேர்கிறது. அறுவை சிகிச்சையால் எட்ட முடியாத இடங்களுக்குப் புற்று பரவிவிட்டவர்கள் இருக்கிறார்கள். தொண்டையின் உட்பகுதியில் இதே ஹெச்.பி.வி. 16 உண்டாக்கும் புற்றுநோயை முன்கூட்டியே காட்டித்தர, வினிகர் சோதனை போன்ற எளிய வழி எதுவும் இன்றில்லை. வைரஸின் அந்த இரண்டு மரபணுக்களை மட்டும் தேடிச் சென்று வெட்டும் மருந்துக்காகக் காத்திருப்பவர்கள் இவர்கள்தான்.